கொழும்பிலிருந்து இரவில் கிளம்புகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குப் பிறகு எங்கே, எதைச் சாப்பிடுவது

கொழும்புக்குள் இருக்கும்வரை இரவுச் சாப்பாட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம், மருதானையில், புதுக்கடையில் என்று நடுச்சாமத்திலும் கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் கேட்கும். வெள்ளவத்தையில் ஒரு கடை பூட்டினால் அடுத்த சந்தியில் இன்னொன்று திறந்திருக்கும். இந்தப் பழக்கத்தோடு முல்லைத்தீவுக்கோ வெலிக்கந்தைக்கோ அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கோ கிளம்புகிறவர்கள்தான் இரவு பதினொரு மணிக்கு ஒரு பிஸ்கட் பக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கொழும்பைத் தாண்டினால் இந்த நாடு சீக்கிரம் படுத்துவிடும். சிறிய ஊர்களில் எட்டு மணிக்கே பலகை போட்டுவிடுவார்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலைக்கு மாற்றலாகி வந்தவர், வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வந்த பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், யாராக இருந்தாலும் சரி. நல்ல சாப்பாடு என்று நான் சொல்வது ருசியை மட்டுமல்ல. வயிற்றைக் கெடுக்காமல், அடுத்த நாள் வேலையைக் கெடுக்காமல் இருக்கிற சாப்பாடு.

முதலில் ஒரு கேள்வி: ஒன்பது மணிக்கு எந்த ஊரில் இருப்பேன்?

எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்றுதான் எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். சாப்பாட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒன்பது மணிக்கு நான் எந்த ஊரைத் தாண்டுவேன், அதற்குப் பிறகு வருகிற பெரிய ஊர் எது, இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்பதுக்குப் பிறகு பெரிய ஊர் ஏதும் இல்லையென்றால், பசிக்காவிட்டாலும் ஒன்பதுக்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும்.

பாதைக்குப் பாதை நிலைமை வேறு. யாழ்ப்பாணம் போகிற இரவு பஸ்களில் பல வெள்ளவத்தையிலிருந்து கிளம்பி நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று போகும். இந்தப் பாதையில் வயிறாறச் சாப்பிடப் புத்தளம்தான் கடைசி நம்பிக்கை. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நிறைந்த ஊர், இரவில் அடுப்பு எரிகிற ஊர். அதைத் தாண்டினால் வில்பத்துக் காட்டை ஒட்டிய இருட்டுப் பாதை. நொச்சியாகமம் மாதிரி ஊர்களில் அந்த நேரத்தில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அநுராதபுரத்திலும் வவுனியாவிலும் பஸ் நிலையத்தைச் சுற்றி ஏதாவது கிடைக்கும். வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதியில் மாங்குளத்தைத் தாண்டி முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடி வரும். அநேகமாக எல்லா வாகனமும் அங்கே நிற்கும். தேங்காய் அடித்து, கும்பிட்டு, கச்சான் (வேர்க்கடலை) வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்தக் கச்சான் பொட்டலத்தை விடியும்வரை தாங்குகிற சாப்பாடாகவே வைத்துக்கொள்ளலாம். சூடாக வறுத்தது, கெட்டுப்போகாது, பசியையும் அடக்கும்.

மட்டக்களப்புப் பக்கம் என்றால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை. தம்புள்ளையில் பெரிய மரக்கறிச் சந்தை இருக்கிறது, பொருளாதார மத்திய நிலையம் என்பார்கள். நாடெங்கும் இருந்து லொறிகள் வருகிற இடம் என்பதால் அதைச் சுற்றியுள்ள கடைகள் சாரதிகளை நம்பியே நடக்கின்றன. பொலன்னறுவையில் இறங்கினால் பழைய நகரப் பக்கம் தேடாமல் கதுருவெலைக்குப் போங்கள். கடைத்தெரு அங்கேதான், தமிழும் அங்கே செல்லும். வாழைச்சேனையை ஒட்டி ஓட்டமாவடி, மட்டக்களப்பைத் தாண்டினால் காத்தான்குடி. இவை இரண்டும் இரவில் சோர்ந்துபோகிற ஊர்கள் அல்ல.

மலைநாடுதான் கடினம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, அட்டன் என்று ஏறுகிற பாதையில் குளிரும் பனியும் கடைகளை நேரத்தோடு மூடவைத்துவிடும். அவிசாவளையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். அட்டனுக்குப் போய்ப் பார்க்கலாம் என்பவருக்குப் பஸ் நிலையத்தடியில் ஒரு பிளேன்டீயும் காய்ந்த பணிஸும்தான் மிஞ்சும்.

தங்கப்போகிற வீட்டுக்கு ஒரு அழைப்பு

இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். ஒதுக்குப்புறமான ஊர்களில் தங்குமிடம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்துகிற வீடு. சமையலறையில் ஆளுக்கு அளந்துதான் சமைப்பார்கள். பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டிச் சாப்பாடு கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். மத்தியானமே பேசிவிட வேண்டும். "அக்கா, நாங்கள் வர பத்தரை ஆகும். சோறு கறி எல்லாம் வேண்டாம், ரொட்டியும் பருப்பும் போதும். மா குழைத்து வைத்தால் வந்தபிறகு சுடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். சமைத்து மூடி வைத்த ஐந்து கறியைவிட, வந்தபின் சுட்டுத் தருகிற இரண்டு ரொட்டி மேல். கேட்கிற விதத்தில் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் இங்கே குறைவு.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு

பஸ்ஸில் போனால் எங்கே சாப்பிடுவது என்பதைச் சாரதிதான் முடிவு செய்கிறார். நெடுந்தூர பஸ்கள் வழக்கமாக ஒரே கடையில்தான் நிற்கும். சாரதிக்கும் நடத்துநருக்கும் அங்கே தனிக் கவனிப்பு உண்டு. அதனால் அது மோசமான கடை என்று அர்த்தமில்லை, நல்ல கடை என்றும் அர்த்தமில்லை. ஏறும்போதே நடத்துநரிடம் "அண்ணா, சாப்பாட்டுக்கு எங்கே நிற்பாட்டுவீங்க, எத்தனை மணியாகும்?" என்று கேட்டுவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் என்றால் ஏறுமுன் ஏதாவது சாப்பிட்டுக்கொள்வது நல்லது. இறங்கியதும் பஸ் இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி மூன்று பஸ் வரிசையாக நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

பஸ் நிற்கும் நேரம் குறைவு. அதற்குள் கொத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது பதற்றம். வாழைப்பழம், முட்டை ரொட்டி, பிளேன்டீ என்று உடனே கைக்கு வருவதை வாங்குங்கள். மேசையில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், பட்டீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும்தான் காசு. ஆனால் அந்தத் தட்டு மேசை மேசையாகச் சுற்றிவருவது, எத்தனை பேர் கைபட்டதோ தெரியாது. இரவில் நான் அதைத் தொடுவதே இல்லை.

பூட்டிய ஊரில் திறந்த கடையைக் கண்டுபிடிப்பது

சொந்த வாகனத்தில் போய்த் தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டால் வரைபடச் செயலியை முழுதாக நம்ப வேண்டாம். திறந்திருக்கிறது என்று அது காட்டுகிற கடை பல நேரம் பூட்டிக் கிடக்கும். சாப்பாடு கொண்டுவந்து தருகிற செயலிகளும் பெரிய நகரங்களோடு சரி. இரவில் வேலை நடக்கிற இடம் எது என்று யோசியுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசல், பஸ் நிலையம், ரயில் சந்தி, மீன்பிடித் துறைமுகம், மொத்தச் சந்தை. நோயாளியோடு வந்தவர்களுக்கும் தாதிமாருக்கும் யாராவது தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அந்தக் கடையைத் தேடுங்கள். கொழும்பு வாசலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பேலியகொடை மீன் சந்தைப் பக்கம் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஆட்கள் பரபரப்பாக நிற்பார்கள்.

வழியில் நிற்கிற ஓட்டோச் சாரதியிடம் கேட்பதும் பயனுள்ளது. ஆனால் "நல்ல கடை எது?" என்று கேட்டால் விலை கூடிய கடையைத்தான் காட்டுவார், விருந்தாளிக்குக் காட்ட வேண்டியது அதுதான் என்று அவர் நினைக்கிறார். "நீங்கள் இராத்திரி எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். லொறிகள் வரிசையாக நிற்கிற கடையும் நல்ல அடையாளம். ஆள் வந்துபோகிற கடையில் பண்டம் தேங்கி நிற்காது. பெயர்ப்பலகையில் ஹோட்டல் என்று இருந்தால் தங்குமிடம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள், இங்கே சாப்பாட்டுக் கடையையும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அதேபோல், பசி தாங்காமல் காட்டுப் பாதையில் வாகனத்தை ஓரங்கட்டி பார்சலை அவிழ்க்கக் கூடாது. ஹபரணை, மின்னேரியா, புத்தளம்–அநுராதபுரம் வீதி எல்லாம் யானை கடக்கிற இடங்கள். புத்தல–கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனத்தை மறித்துச் சாப்பாடு தேடுவது எல்லோரும் அறிந்தது. பழம் வாங்கினால் பின்னால் மூடி வையுங்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், அடுத்த ஊர்வரை பொறுங்கள்.

கடைக்குள் போனபிறகு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் சோறு கறி மத்தியானச் சாப்பாடு. காலையில் சமைத்து, பத்துப் பதினொரு மணிக்குப் பாத்திரங்களில் அடுக்கி, இரண்டு மணிக்குள் விற்று முடிப்பார்கள். இரவு பத்து மணிக்குக் கண்ணாடி அலுமாரிக்குள் சோறும் நான்கு கறியும் இருந்தால் அது மத்தியானம் மிஞ்சியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தேங்காய்ப்பால் விட்ட கறி இந்த வெப்பத்தில் அத்தனை நேரம் தாங்காது. சீக்கிரம் கெடக்கூடிய சமைத்த உணவு அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது பொதுவான சுகாதார விதி.

சரி, ஃப்ரைட் ரைஸ் கேட்கலாமே, அதைப் புதிதாகத்தானே வதக்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய கடையில், பின்னிரவில், நான் அதைத்தான் கடைசியாகத் தேர்ந்தெடுப்பேன். வெளியே கிடந்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அதன் வித்து முதல் சமையலிலேயே சாகாமல் தப்பிவிடுகிறது. பிறகு அது உண்டாக்குகிற, வாந்தி வரவழைக்கிற நஞ்சு, திரும்ப எவ்வளவு வதக்கினாலும் அழியாது. சோறு எப்போது வடித்தது என்று தெரியாத இடத்தில் அதைத் தவிர்ப்பதே புத்தி.

கொத்து ரொட்டி அப்படியல்ல. பழுக்கக் காய்ந்த தகட்டில், உங்கள் கண்முன்னே, முட்டையும் லீக்ஸும் கரட்டும் வதங்கி, ரொட்டி வெட்டுப்பட்டு, நேரே தட்டுக்கு வருகிறது. வாளியில் வைத்திருக்கிற குழம்பையும் முன்பே வேகவைத்த கோழித் துண்டுகளையும் மட்டும் கவனிக்க வேண்டும். குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தால் சரி. ஆறிய குழம்பை அகப்பையால் அள்ளி ஊற்றினால், "குழம்பு வேண்டாம், முட்டைக் கொத்து மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் காய்ந்திருக்கும், ஆனால் நிம்மதியாக உறங்கலாம்.

அதைவிட எளிது முட்டை ரொட்டி. மா உருண்டையை வீசி, முட்டை ஊற்றி, மடித்துச் சுடுகிறார்கள். அதில் பழையது ஒளிந்திருக்க இடமில்லை. ஆப்பமும் நல்லதுதான், ஆனால் மா முடிகிற நேரம் பார்க்க வேண்டும். மாலையில் கரைத்து வைத்த மா ஒன்பது மணிக்கு மேல் அடியில் கிடந்து புளித்துவிடும். ஆப்பம் கேட்கிறவர்கள் ஏழெட்டு மணிக்கே கேட்டுவிடுங்கள். இடியப்பம் பெரும்பாலும் முன்பே அவித்து அடுக்கியிருப்பது, தட்டை மூடியிருக்கும் பொலித்தீனுக்குள் வியர்த்திருந்தால் விட்டுவிடுங்கள். தேங்காய்ச் சம்பல் பச்சைத் தேங்காய், இரவில் முதலில் கெடுவது அதுதான். சலாது, மயோனெய்ஸ், ஐஸ் போட்ட பானம் மூன்றையும் கொழும்புக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பிளேன்டீ கொதிநீரில் வருவது, எந்த ஊரிலும் தைரியமாகக் குடிக்கலாம். தண்ணீர் வாங்கும்போது மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். குறி இருக்கிறதா என்று பாருங்கள். போத்தலில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

உட்காருமுன் விலையைக் கேளுங்கள், சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள். இரவில் அட்டை இயந்திரம் வேலை செய்யும் என்று போக வேண்டாம்.

பேச்சு விஷயம். முஸ்லிம் கடைகளில் பெரும்பாலும் தமிழே போதும், வயதில் மூத்தவரை நானா என்று கூப்பிட்டால் முகம் மலரும். சிங்களக் கடையில் நாலு வசனம் கைகொடுக்கும். சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்க "கன்ன மொனவத தியென்னே?" இப்போது செய்து தர முடியுமா என்பதற்கு "தேன் ஹதலா தென்ன புளுவன்த?" உறைப்பு குறைவாக வேண்டுமென்றால் "மிரிஸ் டிகாய்", விலை கேட்க "கீயத?" மூத்தவரை "அய்யே" என்றும் இளையவரை "மல்லி" என்றும் கூப்பிடுங்கள். உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை, முயற்சி செய்கிறவருக்கு அடுப்பைத் திரும்பப் பற்றவைத்துத் தந்த கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

சைவக்காரர்களுக்கு

கொழும்பில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, செட்டியார் தெரு என்று சைவக் கடைகள் நிறைய இருப்பதால் வெளியூரின் கஷ்டம் முன்கூட்டித் தெரிவதில்லை. பின்னிரவில் நெடுஞ்சாலையோரம் சுத்த சைவக் கடை கிடைப்பது அரிது. சம்பலில், சீனிச்சம்பலில், சில கடைகளில் பருப்பில்கூட மாசிக் கருவாடு போடுவார்கள். "உம்பலகட நெத்துவ" என்றால் மாசி இல்லாமல் என்று பொருள். "மஸ் மாளு எபா" என்றால் இறைச்சி, மீன் வேண்டாம். மரக்கறிக் கொத்து என்று சொன்னாலும் மேலே கோழிக் குழம்பை ஊற்றிவிடுவார்கள், அவர்கள் பார்வையில் குழம்பு இறைச்சி அல்ல. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தகடும் வெட்டுகிற கத்தியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அது மனதுக்கு ஒவ்வாதவர்கள் வெறும் பரோட்டாவும் வாழைப்பழமும் பிளேன்டீயும் கேட்பது நிம்மதி. இன்னும் கண்டிப்பானவர்கள் கையோடு கொண்டுபோவதே வழி.

கட்டிக்கொண்டு போவதென்றால்

ஆறு மணி நேரம் கழித்தும் சாப்பிடக் கூடியதை மட்டும் கட்ட வேண்டும். சொதியோடு இடியப்பம், தேங்காய்ப்பூப் போட்ட பிட்டு, உருளைக்கிழங்குப் பால்கறி எல்லாம் வேண்டாம். ஈரம் குறைந்ததும், புளி, எண்ணெய், உப்பு சேர்ந்ததும் தாங்கும். எண்ணெயில் நன்றாக வதக்கிய சீனிச்சம்பலும் பாணும் (பிரெட்), நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, தேங்காய் சேர்க்காத ரொட்டி. இட்லியைச் சூடாக மூடினால் வியர்த்து நூல்விடும், ஆறவைத்துத்தான் கட்ட வேண்டும். வாழையிலையில் சுற்றிக் கடதாசியில் பொதிந்தால் இன்னும் நல்லது.

ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்திருங்கள். நம் கடைகளில் கிடைக்கிற சமபோஷா என்ற தானிய மாவைக் கொஞ்சம் சீனி போட்டுச் சுடுநீரில் குழைத்தால் குழந்தைக்கும் பெரியவருக்கும் இரவுச் சாப்பாடு ஆகிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் சீனி சேர்க்க வேண்டாம், ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுவதை யாரையும் நம்பி விடக் கூடாது. அவர்கள் பையில் கிரீம் கிரெக்கரும், சர்க்கரை திடீரென்று இறங்கினால் எடுக்கக் கொஞ்சம் இனிப்பும் கட்டாயம் இருக்க வேண்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள்

போயா தினத்தில், அதாவது பௌர்ணமியன்று, இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும், சிங்கள ஊர்களில் பல சாப்பாட்டுக் கடைகளும் அன்று திறப்பதில்லை. ஏப்ரல் 13, 14 புத்தாண்டை ஒட்டிய நாட்கள்தான் மிகக் கடினம். வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவதால் நகரங்களிலேயே நாட்கணக்கில் கடை இராது. அந்த வாரம் பயணம் என்றால் முழுச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டே கிளம்புங்கள். ரமழான் மாதம் இதற்கு நேர்மாறு. முஸ்லிம் ஊர்களில் பகலில் அமைதி, இரவு முழுவதும் கலகலப்பு, கஞ்சியும் சமோசாவும் தாராளம். வெசாக், பொசன் என்ற பௌத்தத் திருநாள் இரவுகளில் வழியெங்கும் தன்சல் போட்டு, யார் எவர் என்று கேளாமல் சோறும் கடலையும் கோப்பியும் தருவார்கள். வரிசையில் நின்று வாங்குங்கள், காசு கொடுக்க முயலாதீர்கள்.

சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் பருவம் பார்த்துப் போக வேண்டும். டிசம்பர் போயா முதல் வெசாக் வரை நல்லதண்ணிப் பாதை நெடுக இராமுழுக்கத் தேத்தண்ணீர்க் கடைகள் இருக்கும், சுடச்சுட ரொட்டி கிடைக்கும். பருவம் முடிந்தபின் அதே படிகளில் ஒரு விளக்குகூட எரியாது. அப்போது தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் கீழிருந்தே சுமக்க வேண்டும்.

வயிறு கெட்டுவிட்டால்

எவ்வளவு கவனித்தாலும் சில நேரம் நடக்கும். கிளம்பும்போதே மருந்துக்கடையில் ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடிப் பக்கெட் இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள். பக்கெட்டில் சொல்லியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், ஒரே மூச்சில் குடித்தால் திரும்ப வாந்தி வரும். இரத்தம் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை இலவசம். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் அதே நிலை என்றால் அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரியப்படுத்துங்கள். பீ.எச்.ஐ. என்று கேட்டால் ஊரில் யாரும் அவருடைய அலுவலகத்தைக் காட்டுவார்கள்.